அக்காவுக்குப் பாதி

ஜூலை 6

அண்ணிக்கு,

நீங்கள் உங்கள் தம்பியைக் குடிகாரன் என்று சொன்னபோது அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் உங்கள் தம்பி. தலைமாட்டில் நான். ஜன்னலோரம் ஃபிளாஸ்க்கும் கையுமாக எங்கள் பெண். பக்கத்துக் கட்டிலில் செருப்புக்கடைப் பெரியவர், அவர் காலடியில் அவருடைய மருமகள். வாசலில் பழப் பையோடு உங்கள் தம்பியுடன் வேலை பார்க்கும் டிரைவர் ஹாரன். அப்புறம் நீங்கள். குளுக்கோஸ் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ் பாதிப் பேச்சிலேயே வெளியே போய்விட்டதால் அவரை அரை ஆளாகத்தான் சேர்த்திருக்கிறேன். ஆக மொத்தம் ஏழரை. நான் வேண்டுமென்று அப்படிக் கூட்டவில்லை, அப்படித்தான் வருகிறது.

போனில் சொல்லலாம் என்று கத்திப் பார்த்தேன். உங்கள் காதுக்கு எட்டவில்லை, எங்கள் எதிர்வீட்டுக்கு எட்டியது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். "அப்பன் கண்ணுடா இது. அதே மஞ்சள். எனக்குத் தெரியாதா?" இதோடு நிறுத்தியிருக்கலாம். "பள்ளிக்கூடப் பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு எத்தன நாளா குடிச்சிட்டு ஓட்டற?" என்றும் கேட்டீர்கள். மில்லில் காது போனதிலிருந்து, நீங்கள் ரகசியம் என்று நினைத்துப் பேசுவதும் அடுத்த வார்டுக்குக் கேட்கும். இதை நீங்கள் கோபத்தில் பேசினீர்கள். யாருக்கு எவ்வளவு கேட்டது என்பது உங்களுக்கே தெரிந்திருக்காது.

ஹாரனுக்கு அந்தப் பட்டப்பெயர் ஏன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கெட்ட மனசில்லை, ஆனால் அவர் வாயில் எதுவும் தங்காது. மறுநாளே பள்ளியின் வண்டி ஆபீசில் விஷயம் தெரிந்துவிட்டது. இவருடைய பஸ் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். "உடம்பு சரியாகட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்று மானேஜர் சொன்னாராம். உடம்பு சரியாவதைப் பற்றி அவர் பேசவில்லை என்று எனக்குப் புரிந்தது.

இனி டாக்டரம்மா சொன்னது. கிருமியால் வரும் காமாலையா என்று பார்த்தார்கள், இல்லை. கல் அடைப்பா என்று ஸ்கேன் பார்த்தார்கள், இல்லை. குடிப்பழக்கம் உண்டா என்று அவரும்தான் கேட்டார். கேட்க வேண்டியது அவர் வேலை, தனியாகக் கேட்டார், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். இல்லை என்றார் உங்கள் தம்பி. எழுதிக்கொண்டு, "புதுசா ஏதாவது மாத்திரை ஆரம்பிச்சீங்களா?" என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நான் உடனே என் கணக்கு நோட்டை எடுத்துப் புரட்டினேன். அரிசி, சோப்பு, பெண்ணின் பள்ளிக் கட்டணம் எல்லாம் பைசா சுத்தமாக இருக்கிறது. மருந்து என்ற இடத்தில் 'மருந்துக்கடை' என்று ஒரு சொல், பக்கத்தில் தொகை. எந்த மருந்து என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை. பதினாறு வருஷ நோட்டு, தேவைப்பட்ட நாளில் ஒன்றுக்கும் உதவவில்லை. உங்கள் தம்பிதான் கட்டிலிலிருந்தே சொன்னார்: மார்ச் மாதம் சர்க்கரை மாத்திரையை மாற்றினார்கள், பழையதற்குச் சர்க்கரை இறங்கவில்லை என்று புதிதாக ஒன்று கொடுத்தார்கள். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "அதை இன்னைக்கே நிறுத்துங்க" என்றார். எல்லாருக்கும் இல்லை, எப்போதாவது ஒருத்தருக்கு அது ஈரலைக் காயப்படுத்திவிடுமாம். நிறுத்திவிட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார்.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வண்டி ஆபீசுக்கு நாலு வரி எழுதுங்கள். பதற்றத்தில் வாய் தவறிச் சொன்னேன் என்று எழுதினால் போதும். உங்கள் பெயரில் வந்தால்தான் அதற்கு மதிப்பு. வளர்த்த அக்காவே சொன்னாள் என்றுதான் ஊரே நம்புகிறது.

ஆண்டவன் உங்களை நல்லபடி வைக்கட்டும்.

தம்பி மனைவி

*

ஜூலை 13

கணக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. எனக்கு எழுத்துத் தமிழெல்லாம் வராது, பேசற மாதிரிதான் எழுதுவேன். படிச்சுக்கோ.

ஏழரை பேர்னு எழுதியிருக்க. எட்டரைன்னு திருத்திக்கோ. எங்க அப்பனும் அங்க இருந்தான். இவன் கண்ணுக்குள்ள உக்காந்திருந்தான்.

நீ அந்த வீட்டுல இல்ல, உனக்குத் தெரியாது. கண்ணு மஞ்சளாகி, வயிறு குடம் மாதிரி வீங்கி, அப்பயும் அந்த மனுஷன், "சத்தியமா இல்லம்மா, நிறுத்திட்டேன்"னுதான் என்கிட்ட சொன்னாரு. தலகாணி உறைக்குள்ள பாட்டில். எங்கம்மா அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டா. நான்தான் தலகாணி துவைக்கறவ, நான்தான் பாட்டில எடுத்துப் போடறவ. அந்த மனுஷன் போனப்ப உன் புருஷனுக்கு அரைக்கால் சட்டை. அவன் முத முதல்ல லைசென்ஸ் எடுத்துட்டு வந்து நின்னப்ப, "ஸ்டியரிங் புடிக்கற கையில கிளாசப் புடிக்க மாட்டேன்"னு என் தலையில கை வச்சுச் சொல்லச் சொன்னேன். சொன்னான். இப்ப ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்துகிட்டு, "சத்தியமா இல்லக்கா"ங்கறான். அதே வார்த்தை, அதே குரல். ஒரு தடவ நம்பினவ நான். இன்னொரு தடவ நம்பறதுக்கு எனக்கு ஈரக்குலை இல்ல.

மாத்திரைங்கற. சரி, மாத்திரையவே எடுத்துக்குவோம். அதே மாத்திரைய மே மாசத்துலருந்து நானும்தான முழுங்கறேன்? அவன் வாங்கி, நீ பொட்டலம் கட்டி, மாசா மாசம் பாதி எனக்கு வருதே, அதே பச்சை அட்டைதான? எங்க போச்சு என் ஈரல்? கல்லு மாதிரி இருக்கு. அவனுக்கும் எனக்கும் ஒரே அப்பன், ஒரே சர்க்கரை, ஒரே மாத்திரை. அவன் கண்ணு மட்டும் மஞ்சள். நடுவுல என்ன வித்தியாசம்னு நீயே போட்டுப் பாரு, கணக்குப்பிள்ளை.

நீ அவன் சட்டைய ஒரு நாளும் மோந்து பாத்ததில்லன்னு உன் சாமி மேல ஆணையா எழுது. அப்புறம் நான் ஆபீசுக்கு எழுதறேன்.

இதோட ஒரு பொட்டலம் வருது. அவனுக்குத் தெரியாம கஞ்சியில கலந்து குடு. குடிய மறக்கடிக்குமாம். எங்க தெருவுல ரெண்டு பேருக்குக் கேட்டிருக்கு.

கோபத்துல எனக்கே சோறு இறங்கல. இந்த வயசுல எனக்கு இது தேவையா சொல்லு.

அக்கா

*

ஜூலை 21

அண்ணிக்கு,

பொட்டலம் வந்தது. கஞ்சியில் கலக்கவில்லை. டாக்டரம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "புண்ணுல மண்ணள்ளிப் போடப் பாத்தீங்களேம்மா" என்று குப்பைக்கூடையில் போட்டுவிட்டார். அடிபட்ட ஈரலுக்கு இப்போது பொடி, கஷாயம், தலைவலி மாத்திரை எதுவும் கூடாது, அவர் எழுதிக் கொடுக்காத ஒன்றும் தொண்டைக்குக் கீழே போகக் கூடாது என்பது உத்தரவு.

சட்டையை மோந்து பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்த்தேன். நீங்கள் வந்துபோன அன்று வீட்டுக்கு வந்ததும் துவைக்க வைத்திருந்த மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டீசல். ஒன்றில் டீசலோடு ஏதோ ஒரு பிள்ளை வாந்தி எடுத்த வாடை. வேறு இல்லை. ஆணை எதற்கு, உள்ளதை எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார். கண்ணில் மஞ்சள் இன்னும் இருக்கிறது, ஆனால் ரத்தத்தில் இறங்குகிறது. எஸ்ஜிபிடி என்று ஈரல் காயத்தைக் காட்டும் ஒரு ரத்தக் கணக்கு உண்டு. நாற்பதுக்குள் இருக்க வேண்டியது, இவருக்கு ஆயிரத்து நூறில் நின்றது. மாத்திரையை நிறுத்தியபின் வாரா வாரம் பார்க்கிறார்கள். அறுநூற்றுச் சொச்சம், இப்போது முந்நூறு. ஈரலுக்கென்று பெரிய மருந்து ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னபோது, "அப்போ என்னதான் செய்வீங்க?" என்று கேட்டுவிட்டேன். "காயப்படுத்தறத எடுத்துட்டா அதுவே ஆறும், ஈரல் அப்படி. நாம காவல் இருக்கறோம்" என்றார். ரத்தம் உறைகிறதா, தூக்கக் கலக்கமாகப் பேச்சுத் தடுமாறுகிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். அரிப்புக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு தூள். சர்க்கரைக்கு இப்போதைக்கு இன்சுலின். நர்ஸ் ஒரு ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போடக் கற்றுக் கொடுத்தார். பழத்துக்கு ஒரே குத்தில் போட்டுவிட்டேன். இவருக்குப் போட ஊசியை இரண்டு தடவை எடுத்துக் கீழே வைத்தேன். "பழம்னு நெனச்சுக்கோ" என்றார் உங்கள் தம்பி. "பழம் இப்படி முறைக்காது" என்றேன்.

இனி எழுதுவதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

'அதே மாத்திரைய நானும்தான முழுங்கறேன்' என்ற உங்கள் வரியை நான் மூன்று தடவை படித்தேன். பொட்டலம் கட்டியது நான்தான். உங்கள் ஊர்க் கடையில் அந்த மாத்திரை வருவதில்லை என்று இவர் தன் மருந்துச் சீட்டிலேயே இரட்டையாக வாங்கி, "அக்காவுக்குப் பாதி" என்று எண்ணி வைப்பார். சின்ன வயதில் ஒரு ரொட்டி கிடைத்தாலும் நீங்கள் இரண்டாகப் பிட்டுக் கொடுத்ததை இன்றும் சொல்லுவார். ரொட்டிக்குச் சரி. மருந்துக்கு எந்த டாக்டரையும் கேட்காமல் பாதி போட்டது நம் வீட்டு வழக்கம். எனக்கும் அது ஒரு நாளும் உறைக்கவில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னேன். முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "கூடப் பிறந்தவங்களா? எப்போலருந்து? ரத்தம் பாத்தாங்களா?" இது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராது, யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. ஆனால் ஒருவருக்கு வந்திருக்கும்போது ஒரே ரத்தத்தில் இன்னொருவர் அதையே சாப்பிடுவது சும்மா விட்டுவிடுகிற விஷயமில்லை என்றார். இவருக்கும் மார்ச்சில் தொடங்கியது ஜூனில்தான் காட்டியது. நீங்கள் தொடங்கியது மே.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். அந்தப் பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை என்று கேளுங்கள். நீங்களாகவே நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரவும் வேண்டாம், சர்க்கரை ஏறிவிடும். டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் தம்பி உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. பேர் எடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆனால் நேற்று சுவரைப் பார்த்தபடியே, "அக்கா அத இன்னும் போடறாங்களா?" என்று கேட்டார்.

தம்பி மனைவி

*

ஜூலை 30

கணக்கு,

சுவத்தப் பாத்துக் கேட்டானா? சுவத்தயே பாக்கச் சொல்லு. அதுதான் திருப்பிக் கேள்வி கேக்காது.

ஆஸ்பத்திரிக்கெல்லாம் போக மாட்டேன். போய் என்னன்னு சொல்ல? தம்பி குடிச்சு ஈரலக் கெடுத்துக்கிட்டான், அதுக்கு எனக்கு ரத்தம் எடுன்னா? நான் போய், என் ரத்தம் சுத்தமா இருந்துச்சுன்னா உனக்குத்தான் நஷ்டம். மாத்திரை மேல பழி போட்டதெல்லாம் வீணாப் போயிடும். அத யோசிச்சியா?

உன் மூணாவது பக்கத்துல 'கெஞ்சிக் கேட்கிறேன்'னு போட்டிருந்த. நீ கெஞ்சற ஆள் இல்ல. அது மட்டும் கொஞ்சம் உறுத்துச்சு.

அவன் அனுப்பினதுல இன்னும் ஒரு அட்டை இருக்கு. காசு குடுத்து வாங்கினது, வீணாக்கக் கூடாது. தீந்ததும் உன் பொட்டலத்த எதிர்பாக்க மாட்டேன், வேற பாத்துக்குவேன்.

இங்க நல்லா இருக்கேன். இந்த வெயிலுக்கு உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் அரிப்பு, ராத்திரியெல்லாம் சொறிஞ்சு தள்ளறேன். சோப்ப மாத்தினேன், கேக்கல. மாடி வீட்டு டீச்சரம்மா தலகாணி உறைய மாத்தச் சொன்னாங்க, அதுவும் மாத்தியாச்சு. தண்ணி சரியாக் குடிக்கறதில்ல போல, மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி போகுது. காப்பிய மூக்குகிட்ட கொண்டு போனாலே குமட்டுது. நாப்பது வருஷமா காப்பியில உசுரு வச்சிருந்தவ நான். எல்லாம் அவன் பண்ணின வேலை, மனசு சரியில்லன்னா வயிறும் சரியிருக்காது.

டீச்சரம்மா நேத்து என்ன உத்துப் பாத்துட்டு, "வெளிச்சத்துக்கு வாங்க"ன்னாங்க. எனக்கு வேலை இருக்குன்னு உள்ள வந்துட்டேன்.

உன் பொண்ணு நல்லாப் படிக்கறாளா? அவளக் கேட்டதாச் சொல்லு.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அண்ணி,

இதைக் கொண்டுவருபவர் ஹாரன். தபாலில் போட்டால் இரண்டு நாளாகும் என்று அவரையே லீவு போட வைத்து அனுப்பினேன். அவர் இன்றைக்கு மாலைக்குள் திரும்பப் போவதில்லை, உங்களை ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் வந்தால் உங்கள் தம்பி இனி அவர் முகத்தில் விழிக்க மாட்டாராம்.

நீங்கள் எழுதிய அரிப்பு வெயில் அரிப்பு இல்லை. உங்கள் தம்பிக்கும் முதலில் உள்ளங்கையில்தான் வந்தது, அவரும் சோப்பைத்தான் மாற்றினார். காப்பி நிறத்தில் போனதும், சோறு இறங்காததும், குமட்டலும் எல்லாம் அதே வரிசை. உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன், அரிப்பு என்ற இடம் வந்ததும் சுவர்ப்பக்கம் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "எழுது. இப்பவே எழுது" என்றார். தானே வருகிறேன் என்று சட்டை மாட்டினார். மாடிப்படி இறங்கவே இரண்டு இடத்தில் உட்காருகிறவர். நான் கதவில் குறுக்கே நின்றேன்.

இன்று காலை போட வேண்டிய மாத்திரையைப் போடாதீர்கள். அட்டையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

நீங்கள் சொன்னது சரியா தவறா என்று இன்று யாரும் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

*

ஆகஸ்ட் 9

கணக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டில்லருந்து எழுதறேன். பேனா டீச்சரம்மாவோடது.

உன்ன மாதிரியே எழுதறேன், பாரு. என்னப் பரிசோதன பண்ணினப்ப அங்க இருந்தவங்க: நான். மேசைக்கு அந்தப் பக்கம் புது டாக்டர் ஒருத்தர், மீசைய இப்பத்தான் வளக்கறாரு. ரத்தம் எடுக்கற பொண்ணு. டீச்சரம்மா. ஹாரன். எனக்கு அடுத்த சீட்டு வச்சுக்கிட்டுப் பின்னாடி நின்ன எங்க மில்லு மேஸ்திரி, முப்பது வருஷம் என்னப் பாத்துப் பயந்த மனுஷன். அரை ஆள் யாரும் இல்ல, எல்லாரும் கடைசி வரைக்கும் நின்னாங்க.

டாக்டர் என்னமோ கேட்டாரு. காதுல விழல. மறுபடியும் கேட்டாரு. நான் கையக் காதுல குவிச்சேன். மூணாவது தடவ எழுந்து நின்னு கத்தினாரு: "குடிப்பீங்களாம்மா? சாராயம்! பிராந்தி! ஏதாச்சும்!"

வராந்தா பூராவும் கேட்டுச்சு. கம்பவுண்டர் எட்டிப் பாத்தாரு. மேஸ்திரி தரையப் பாத்தாரு.

இல்லன்னேன். டாக்டர் என் கண்ணப் பாத்தாரு. மஞ்சளா இருக்கற கண்ண. சின்னவரு, பாவம், மரியாதையாத்தான் பாத்தாரு, ஆனா நம்பல. நம்பாத பார்வை எப்படி இருக்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. "மறைக்காமச் சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்"னாரு. எனக்கு வாய் திறந்துச்சு. "சத்தியமா இல்லப்பா"ன்னேன்.

சொன்னப்புறம்தான் என் காதுக்கே கேட்டுச்சு, கணக்கு. எல்லாம் கேக்காமப் போன காதுக்கு அது மட்டும் கேட்டுச்சு. உண்மையச் சொல்றவனும் அதே வார்த்தையத்தான் சொல்லணும். அவனுக்குன்னு வேற வார்த்தை எங்க இருக்கு?

அப்புறம் ஹாரன் அட்டைய மேசையில வச்சு, அவன் தொண்டையில உன் பக்கத்துக் கதைய ஒண்ணு விடாமச் சொன்னான். அவன் பேசினது எனக்கே தெளிவாக் கேட்டுச்சுன்னா பாத்துக்கோ. டாக்டர் அட்டையத் திருப்பித் திருப்பிப் படிச்சுட்டு, "இத யார் உங்களுக்கு எழுதிக் குடுத்தாங்க?"ன்னாரு. "என் தம்பி"ன்னேன். "டாக்டரா?" "பஸ் டிரைவர்"னேன். தலையில கை வச்சுக்கிட்டாரு.

எனக்கு ஐநூத்தி எம்பது. அவனுதுல பாதின்னு வச்சுக்கோ. இதுலயும் பாதி. சீக்கிரம் வந்துட்டீங்க, மாத்திரைய நிறுத்தினாப் போதும், தப்பிச்சுக்குவீங்கன்னு சொல்றாங்க. இன்சுலின் போடறாங்க. அரிப்பு இன்னும் விடல. ஆனா காப்பி வாசன குமட்டல.

ஆபீசுக்கு எழுதினது இதோட இருக்கு. நான் பேசற மாதிரியே எழுதலாமான்னு டீச்சரம்மாவக் கேட்டேன், வேண்டாம்னு அவங்களே எழுதிக் குடுத்தாங்க, கையெழுத்து என்னோடது. ஹாரன்கிட்டயும் வாயால சொல்லிட்டேன். பேப்பருக்கு முன்னாடி அது போய்ச் சேந்திருக்கும். அந்த ஏழரை பேர்ல செருப்புக்கடைக்காரர், மருமக, நர்சு, அவங்களுக்கெல்லாம் நீ சொல்லிடு. உன் பொண்ணுகிட்ட நானே சொல்றேன். அத்தைக்குத் தப்பாயிடுச்சுன்னு.

அவன்கிட்ட மட்டும் என்ன சொல்றதுன்னு தெரியல. காயிதம் எடுத்து 'தம்பி'ன்னு எழுதிட்டு அப்படியே வச்சிருக்கேன். அடுத்த வார்த்தை வரல.

அக்கா

*

ஆகஸ்ட் 29

அண்ணிக்கு,

உங்கள் கடைசி ரத்தக் கணக்கை டீச்சரம்மா அனுப்பினார். நூற்று நாற்பது. படித்துவிட்டு அடுப்படியிலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பால் பொங்கி வழிந்தது, அதைக் கணக்கில் எழுதவில்லை.

இவருக்கு எழுபது. மஞ்சள் போய்விட்டது. இந்த மருந்தையும் இதே வகையில் வரும் எதையும் இனி வாழ்நாளில் தொடக் கூடாது என்று டாக்டரம்மா ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார், எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்ட வேண்டும். உங்களுக்கும் ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் கணக்கு நோட்டில் இப்போது மருந்துக்கென்று தனிப் பக்கம், பெயரும் அளவும் தொடங்கிய நாளும்.

ஆபீஸ் விஷயம். உங்கள் கடிதத்தையும் டாக்டரம்மாவின் சான்றையும் மானேஜர் வாங்கிப் படித்தார். "தப்பா நெனச்சுட்டோம்" என்று எழுந்து நின்று சொன்னார். ஆனால் பஸ் சாவி இப்போதைக்கு இல்லை. இன்சுலின் போடுகிறவர் பிள்ளைகள் வண்டியை ஓட்டக் கூடாது என்பது அவர்கள் விதி, சர்க்கரை திடீரென்று இறங்கினால் ஆபத்து. அது நியாயம்தான். ஈரல் முழுக்க ஆறியபின் வேறு மாத்திரைக்கு மாறலாம், அப்போது பார்ப்போம் என்றிருக்கிறார்கள். அதுவரை பட்டறையில் வண்டிகளைச் சோதித்து அனுப்பும் வேலை. சம்பளம் குறைவு. ஆனால் காலையில் தலை நிமிர்ந்து போகிறார். ஹாரன் எதிரில் வந்தால், "இன்னைக்கு என்னத்தப் பரப்பப் போற?" என்று கேட்கிறார். ஹாரன், "உங்க சர்க்கரை அளவ" என்கிறார்.

செருப்புக்கடைப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அன்று அவர் முகம் போன போக்கு எனக்கு நினைவிருக்கிறது, இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்தேன். நர்ஸிடமும் சொல்லியாகிவிட்டது.

அண்ணி, இன்னொன்று. இதை இவரிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் அந்த அறையில் பேசிப் போனபின் ஒவ்வொரு நாளும் விடியலில் ஆண்டவனிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: இவர் பக்கம் ஒரு சாட்சி கொடு, யாரும் மறுக்க முடியாத சாட்சியாகக் கொடு. கொடுத்தான். உங்கள் உடம்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்று என்று நான் கேட்கவில்லை, ஆனாலும் கேட்டது நான், வந்தது நீங்கள். சந்தோஷப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. இப்போதெல்லாம் எதையும் குறிப்பிட்டுக் கேட்பதில்லை. இரண்டு பேரையும் வைத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறேன்.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துக் காட்டவில்லை, கையில் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். இறங்கி வந்தபோது கடிதம் மடித்தபடி மேசையில் இருந்தது, ஆளைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து மருந்துக்கடைப் பையோடு வந்தார். இன்சுலினைச் சூடு படாமல் வைத்துக்கொள்ளும் பை, தோளில் மாட்டிக்கொள்ளும் வார் வைத்தது. அதை மேசையில் வைத்தார். பிறகு பைக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே நிறம்.

"ரெண்டு எதுக்கு?" என்று நான் கேட்பதற்குள் அவரே, "ஒண்ண நீ பொட்டலம் கட்ட வேணாம். நேர்ல குடுத்துக்கலாம்" என்றார்.

நீங்கள் 'தம்பி' என்று எழுதி நிறுத்திய காகிதத்தில் அடுத்த வார்த்தையைத் தேட வேண்டாம். நீங்கள் இங்கே வருகிறீர்களா, நாங்கள் மூன்று பேரும் அங்கே வரட்டுமா, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். அவருக்கு வரும் சனிக்கிழமை விடுமுறை. சீக்கிரம் பதில் போடுங்கள்.

தம்பி மனைவி